டூப்ளிகேட்டை நீக்குவது கம்ப்யூட்டருக்கு சில வரி வேலைதான். வாக்காளர் பட்டியலில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிர திருத்தத்துக்குப் (எஸ்.ஐ.ஆர்) பிறகு, 2025 டிசம்பர் 19 அன்று வரைவு வாக்காளர் பட்டியல் வெளியானது. சுமார் 6.41 கோடி பெயர்கள் இருந்த பட்டியல் 5.43 கோடியாகச் சுருங்கியது. நீக்கப்பட்ட 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், கண்டுபிடிக்க முடியாதவர்கள் என்ற கணக்கில் வந்தவை. மீதியில் சுமார் 3.4 லட்சம் பெயர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு: இரட்டைப் பதிவு. அதாவது, ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்கிறார்.

ஐடி வேலைக்கு இன்டர்வியூ போனவர்களுக்கு இந்த வேலை பரிச்சயமானதுதான். 'வரிசைப்படுத்தப்பட்ட பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் மதிப்புகளை, அதே இடத்திலேயே நீக்கு.' லீட்கோட் தளத்தில் இது 26ஆவது கேள்வி. 'ஈஸி' பிரிவில் இருக்கிறது. கல்லூரி முதலாமாண்டு மாணவர்கூட பத்து நிமிடத்தில் எழுதிவிடுவார்.

அப்படியிருக்க, நாகர்கோவிலிலோ குளச்சலிலோ ஒரு வாக்காளரின் பெயர் இரண்டு முறை வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஏன் வீடு வீடாக ஆள் போக வேண்டியிருக்கிறது? முதலில் அந்த ஈஸியான கேள்வியைப் புரிந்துகொண்டால், கஷ்டம் எங்கே இருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

கேள்வி என்ன?

கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்சல் டெலிவரி செய்யும் ஒருவரிடம், இன்று போக வேண்டிய பின்கோடுகளின் பட்டியல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியாகிவிட்டது.

629001, 629001, 629165, 629175, 629175, 629175, 629702

நாகர்கோவில் இரண்டு முறை, மார்த்தாண்டம் ஒரு முறை, தக்கலை மூன்று முறை, கன்னியாகுமரி ஒரு முறை. எந்தெந்த ஊருக்குப் போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஒவ்வொரு எண்ணும் ஒரே முறைதான் வர வேண்டும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. புதிதாக இன்னொரு பட்டியல் போடக் கூடாது. இருக்கிற ஏழு கட்டங்களுக்குள்ளேயே வேலையை முடிக்க வேண்டும். 'அதே இடத்திலேயே' என்பதன் அர்த்தம் இதுதான். பட்டியலில் ஏழு எண் இருந்தாலும் சரி, ஏழு கோடி எண் இருந்தாலும் சரி, கூடுதலாக எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்றிரண்டு எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு விரல் போதும்

முதலில் எல்லோருக்கும் தோன்றும் வழி: டூப்ளிகேட் வந்ததும் அதை எடுத்துவிட்டு, பின்னால் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு கட்டம் முன்னால் தள்ளுவது. ஏழு எண்ணுக்கு இது ஓகே. ஒரு லட்சம் எண்கள் இருந்து, அத்தனையும் ஒரே எண்ணாக இருந்தால், முன்னால் தள்ளும் வேலை மட்டும் சுமார் 500 கோடி முறை நடக்கும்.

இரண்டு விரல் வழியில் இந்தத் தள்ளுமுள்ளே கிடையாது. ஒரு விரல் படிப்பதற்கு, இன்னொன்று எழுதுவதற்கு. எழுதும் விரல், கடைசியாக உறுதி செய்த எண்ணின் மேல் நிற்கும். படிக்கும் விரல் ஒவ்வொரு கட்டமாக முன்னேறிப் போகும். ஒவ்வொரு இடத்திலும் ஒரே ஒரு கேள்விதான்: 'இது கடைசியா எழுதின எண்தானா?' ஆமாம் என்றால் கடந்து போய்விடலாம். இல்லை என்றால், எழுதும் விரலை ஒரு கட்டம் நகர்த்தி, அங்கே இந்தப் புதிய எண்ணை எழுத வேண்டும்.

மேலே உள்ள பட்டியலில் இது இப்படி நடக்கும்:

• முதல் 629001 அப்படியே இருக்கட்டும். எழுதும் விரல் அங்கே நிற்கிறது.
• அடுத்ததும் 629001. அதே எண், கடந்து போ.
• 629165 புதிது. இரண்டாவது கட்டத்தில் எழுது.
• 629175 புதிது. மூன்றாவது கட்டத்தில் எழுது.
• மறுபடி 629175, மறுபடி 629175. இரண்டையும் கடந்து போ.
• 629702 புதிது. நான்காவது கட்டத்தில் எழுது.

அவ்வளவுதான். ஆறு ஒப்பீடு, மூன்று எழுத்து. ஒரு லட்சம் எண்கள் இருந்தாலும் ஒரு லட்சத்துக்கு ஒன்று குறைவான ஒப்பீடுகளில் வேலை முடிந்துவிடும்.

வால் மிச்சம் இருக்குமே?

இருக்கும். வேலை முடிந்த பிறகு அந்த ஏழு கட்டங்களைப் பார்த்தால் இப்படித் தெரியும்:

629001, 629165, 629175, 629702, 629175, 629175, 629702

முதல் நான்கு கட்டங்கள்தான் விடை. கடைசி மூன்றும் பழைய பட்டியலின் மிச்சம், அவற்றுக்கு இனி அர்த்தம் இல்லை. அதனால்தான் இந்தக் கேள்விக்கான விடையாகப் பட்டியலோடு சேர்த்து '4' என்ற எண்ணையும் திருப்பித் தரச் சொல்கிறார்கள். நான்கு வரை படி, அதற்கு மேல் பார்க்காதே என்று பொருள். சி பிளஸ் பிளஸ் மொழியில் இதே வேலையைச் செய்யும் 'யூனிக்' என்ற ரெடிமேட் கட்டளையும் இப்படித்தான். அது பட்டியலின் நீளத்தைக் குறைக்காது, எங்கே முடிகிறது என்று மட்டும் காட்டும். வாலை வெட்டுவது நம் வேலை. புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடமும் இதுதான்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். எழுதிய கட்டங்களில் முன்பு என்ன இருந்தது என்பது இப்போது யாருக்கும் தெரியாது. நாகர்கோவில் இரண்டு முறை இருந்தது என்ற தகவலும், மார்த்தாண்டம் மூன்றாவது கட்டத்தில் இருந்தது என்ற தகவலும் போயே போய்விட்டன. பின்கோடுக்கு இதனால் நஷ்டம் இல்லை. மனிதர்களின் பெயர் என்றால் கதை வேறு.

எல்லாம் வரிசையின் புண்ணியம்

இந்த வழி வேலை செய்வதற்குக் காரணம், ஒரே மாதிரியான எண்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதுதான். வரிசைப்படுத்திவிட்டதால், 629175 ஒரு முறை கடந்துபோய்விட்டால் அது மறுபடி எங்கேயும் தலைகாட்டாது. அதனால் பழையதை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. கடைசி ஒன்றை மட்டும் பார்த்தால் போதும்.

வரிசை கலைந்திருந்தால் என்ன ஆகும்? தக்கலை, மார்த்தாண்டம், தக்கலை என்று இருந்தால், இரண்டாவது தக்கலை வரும்போது கடைசியாக எழுதியது மார்த்தாண்டம். 'இது புதுசு' என்று நினைத்து மறுபடி எழுதிவிடும். யூனிக்ஸ் கணினிகளில் டூப்ளிகேட் வரிகளை நீக்கும் பழைய கட்டளையும் பக்கத்துப் பக்கத்து வரிகளை மட்டும்தான் ஒப்பிடும். முதலில் வரிசைப்படுத்தாமல் அதை ஓட்டினால் பாதி டூப்ளிகேட் அப்படியே இருக்கும்.

ஆக, இந்த ஈஸியான கேள்வி இரண்டு விஷயங்களை முன்கூட்டியே இலவசமாகக் கொடுத்துவிடுகிறது. ஒன்று, பட்டியல் சரியான வரிசையில் இருக்கிறது. இரண்டு, இரண்டு மதிப்புகள் ஒன்றா இல்லையா என்பதில் சந்தேகமே இல்லை. வாக்காளர் பட்டியலில் இந்த இரண்டுமே கிடையாது.

வாக்காளர் பட்டியல் எந்த வரிசையில் இருக்கிறது?

பட்டியலைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பெயர் வரிசையில் இருக்காது. தொகுதி, அதற்குள் பாகம் (ஒரு வாக்குச்சாவடிக்கு ஒரு பாகம்), அதற்குள் தெரு, அதற்குள் வீட்டு எண். பிஎல்ஓ எனப்படும் வாக்குச்சாவடி நிலை அலுவலர் தெருவில் நடந்துபோய் சரிபார்க்க இதுதான் வசதி. வரிசைப்படுத்தித்தான் இருக்கிறது, ஆனால் வீட்டின்படி.

இரட்டைப் பதிவு எப்போது வருகிறது? பெரும்பாலும் ஆள் வீடு மாறும்போது. கல்யாணமாகி தோவாளையிலிருந்து குளச்சலுக்குப் போகும் பெண், வேலைக்காக நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குப் போகும் இளைஞர். இவர்களின் இரண்டு பதிவுகளும் வீட்டு வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வரவே வராது. ஒன்று ஒரு தொகுதியில், இன்னொன்று வேறொரு தொகுதியில் கிடக்கும். இரண்டு விரல் வைத்துப் பட்டியல் முழுக்க நடந்தாலும் மாட்டாது.

விண்ணப்ப முறைக்கும் இதில் பங்கு உண்டு. 2022 ஆகஸ்ட் 1 வரை, வேறு தொகுதிக்குக் குடிபோனவர்கள் புதிதாகச் சேருபவர்களைப் போலவே படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. புதிய இடத்தில் பெயர் ஏறிவிடும். பழைய இடத்தில் யாராவது நீக்கினால்தான் போகும். அந்தத் தேதிக்குப் பிறகு இடமாற்றத்துக்கு எல்லாம் படிவம் 8 என்று மாற்றினார்கள். பழைய பாக்கி மட்டும் பட்டியலிலேயே தங்கிவிட்டது.

'ஒரே ஆள்தான்' என்று எதை வைத்துச் சொல்வது?

சரி, வீட்டு எண்ணை விட்டுவிட்டுப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தினால்? கம்ப்யூட்டருக்கு அது சில நிமிட வேலை. ஆனால் அடுத்த சிக்கல் அங்கேதான் காத்திருக்கிறது.

*இனிஷியல்.* கல்யாணத்துக்கு முன்பு அப்பா பெயரை வைத்து 'ரா. செல்வி', கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை வைத்து 'மு. செல்வி'. ஆள் ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. உறவினர் பெயர் என்ற கட்டத்திலும் முதலில் அப்பா, பிறகு கணவர். நீக்க வேண்டியது தப்பிவிடும்.

*ஒரே பெயர்க்காரர்கள்.* இதற்கு நேரெதிர் நிலைமையும் உண்டு. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் ஊர் வழக்கம். அண்ணன் மகனுக்கும் தம்பி மகனுக்கும் அதே தாத்தாவின் பெயர், கிட்டத்தட்ட ஒரே வயது. இருவரின் அப்பாக்களுக்கும் ஒரே முதலெழுத்து என்றால் இனிஷியல்கூட ஒன்றாகிவிடும். ஆள் இரண்டு, கம்ப்யூட்டருக்கு ஒன்று. இங்கே தப்பு நடந்தால் ஓட்டுரிமை உள்ள ஒருவரின் பெயர் போய்விடும்.

*எழுத்து.* கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் இருக்கும் கொல்லங்கோடு என்ற ஊர்ப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் முறையில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். 'கோ'வுக்கும் அப்படியே. கொல்லங்கோடு என்ற பெயரில் இந்த இரண்டு எழுத்தும் இருப்பதால், அதை நான்கு விதமாகச் சேமிக்க முடியும். திரையில் நான்கும் ஒரே மாதிரி தெரியும். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஒப்பிடும் நிரலுக்கு நான்கும் வேறு வேறு. அதனால்தான் ஒப்பிடுவதற்கு முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'நார்மலைசேஷன்' என்ற வேலையை முதலில் செய்கிறார்கள். இதைச் செய்தாலும் குளச்சல், கொளச்சல் போன்ற இரண்டு எழுத்துவழக்குகள் தீராது. அதை மனிதர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

*அடையாள எண்.* 'வாக்காளர் அட்டை எண்ணை வைத்து ஒப்பிடலாமே?' என்று கேட்கலாம். 2025 மார்ச்சில் வெவ்வேறு மாநிலங்களைச் சேர்ந்த வெவ்வேறு வாக்காளர்களுக்கு ஒரே அட்டை எண் இருப்பது பெரிய சர்ச்சையானது. மாநிலங்கள் தனித்தனியாக எண் கொடுத்த காலத்தில் ஒரே எழுத்து-எண் தொடரைச் சில மாநிலங்கள் பயன்படுத்தியதே காரணம் என்று தேர்தல் ஆணையம் விளக்கியது. எண் ஒன்று என்பதால் ஆள் ஒன்று ஆகிவிடாது என்றும் சொன்னது. இன்னொரு பக்கம், இரண்டு இடத்தில் தனித்தனியாகப் பதிந்தவரிடம் இரண்டு வேறு எண்கள் இருக்கும். ஆக, எண்ணை மட்டும் நம்பினாலும் இரண்டு பக்கமும் தப்பு வரும்.

இதனால்தான் ஆணையத்தின் மென்பொருள், பெயர், உறவினர் பெயர், வயது போன்ற விவரங்கள் ஒத்துப்போகும் பதிவுகளையும் புகைப்படம் ஒத்துப்போகும் பதிவுகளையும் தனித்தனியாகத் தேடுகிறது. கிடைப்பது சந்தேகப் பட்டியல்தான். 'இது அவரேதானா?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் நேரில் போக வேண்டும்.

குமரியில் கூடுதலாக ஒரு முடிச்சு

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தன. மாநில எல்லை மாறினாலும் சொந்தபந்தங்கள் மாறவில்லை. களியக்காவிளை தாண்டினால் கேரளம். பெண் எடுப்பதும் கொடுப்பதும், படிப்பும் ஆஸ்பத்திரியும் இன்றும் இரண்டு பக்கமும் நடக்கின்றன. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் குமரிக்காரர்கள் பலர் அங்கேயே வீடெடுத்துத் தங்கியிருக்கிறார்கள்.

இங்கேயும் அங்கேயும் பெயர் இருந்தால் என்ன நடக்கும்? இங்கே தமிழில் ஒரு பதிவு, அங்கே மலையாளத்தில் ஒரு பதிவு. எழுத்து வரிசையில் அடுக்கினால் இரண்டும் பக்கத்தில் வருவதற்கு வழியே இல்லை. ஆங்கிலத்தில் எழுதி ஒப்பிட்டாலும், ஒரே பெயருக்கு இரண்டு மாநிலத்திலும் இரண்டு ஸ்பெல்லிங் இருக்கும். எஸ்.ஐ.ஆரின் இரண்டாம் கட்டத்தில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நேரத்தில் சேர்க்கப்பட்டதால், எல்லையோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு 'எந்தப் பக்கம் படிவம் கொடுப்பது?' என்பதே முதல் கேள்வியாக இருக்கும். அதற்குச் சட்டத்தின் பதில்: வழக்கமாக எங்கே குடியிருக்கிறீர்களோ, அங்கே மட்டும்.

அழித்து எழுதலாமா?

இரண்டு விரல் வழியில் பழைய பட்டியல் மிஞ்சாது. மெமரியை மிச்சம் பிடிப்பதுதான் அங்கே நோக்கம். மனிதர்களின் பட்டியலில் தப்பாக நீக்கப்பட்ட ஒருவர், 'என் பேரு ஏன் போச்சு?' என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். அழித்து எழுதியிருந்தால் பதில் சொல்ல யாராலும் முடியாது.

இந்திய வாக்காளர் பட்டியலின் பழைய நடைமுறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. துணைப்பட்டியலில் நீக்கப்பட்டவர்களின் பெயரோடு காரணத்தைக் காட்டும் ஆங்கில எழுத்தும் வரும். இறப்புக்கு 'இ', இடமாற்றத்துக்கு 'எஸ்', இரட்டைப் பதிவுக்கு 'ஆர்'. முதன்மைப் பட்டியலில் அவருடைய வரிசை எண்ணும் கட்டமும் அப்படியே இருக்கும், மேலே 'நீக்கப்பட்டது' என்ற முத்திரை விழும். கம்ப்யூட்டர் பாடத்தில் கேட்டால் இது இடத்தை வீணாக்கும் முறை. ஜனநாயகத்தில் அந்த இடம் வீண் இல்லை.

பீகாரில் இது நீதிமன்றம் வரை போனது. 2025 ஆகஸ்ட் 1 அன்று அங்கே வெளியான வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. யார் யார், ஏன் என்பது வெளிப்படையாகத் தெரியவில்லை என்று வழக்கு தொடுக்கப்பட்டது. ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம், விடுபட்ட அத்தனை பெயர்களையும் காரணத்தோடு, வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேடும் வகையில் மாவட்ட இணையதளங்களில் வெளியிட இடைக்கால உத்தரவு போட்டது. சுருக்கமாகச் சொன்னால், நீக்கியதை நீக்கிய பட்டியலாகவே வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த உத்தரவின் சாரம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1950-ம் இதே திசையில்தான் இருக்கிறது. பிரிவு 17, ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் பதிவாகக் கூடாது என்கிறது. பிரிவு 18, ஒரே தொகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பதிவாகக் கூடாது என்கிறது. கூடவே பிரிவு 22, குடியிருக்கவில்லை என்றோ தகுதி இல்லை என்றோ பெயரை நீக்குவதற்கு முன்பு, சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. இரண்டு விரலுக்கு நடுவே சட்டம் ஒரு கேள்வியை வைத்திருக்கிறது: ஆளிடம் கேட்டாயிற்றா?

உங்கள் பெயர் இரண்டு இடத்தில் இருந்தால் என்ன செய்வது?

• முதலில் தேடிப் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ செயலியிலோ அட்டை எண்ணை வைத்தும், பெயர் விவரங்களை வைத்தும் தேடலாம். பழைய இனிஷியல், பழைய ஊர் இரண்டையும் போட்டுத் தேடுவது முக்கியம். 1950 என்ற எண்ணுக்கு அழைத்தும் கேட்கலாம்.

• வீடு மாறியிருந்தால் படிவம் 8. புதிதாகப் படிவம் 6 கொடுக்காதீர்கள். அது முதல் முறையாகச் சேருபவர்களுக்கு மட்டும்.

• இரண்டு இடத்தில் பெயர் இருந்தால், குடியிருக்காத இடத்தில் உள்ளதை நீக்கப் படிவம் 7 கொடுங்கள். விண்ணப்பத்தில் தெரிந்தே பொய்யான உறுதிமொழி கொடுத்தால், பிரிவு 31-ன் கீழ் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம்.

• உங்கள் பெயரே தப்பாக நீக்கப்பட்டிருந்தால், காரணம் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். வாக்காளர் பதிவு அலுவலரின் முடிவில் திருப்தி இல்லை என்றால் பிரிவு 24-ன் கீழ் மாவட்ட ஆட்சியரிடமும், அதற்கு அடுத்து மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம்.

• வீட்டில் உள்ள பெரியவர்களின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். ஒரே பெயர், ஒரே வயது, ஒரே தெரு என்று சந்தேகப் பட்டியலில் மாட்ட வாய்ப்புள்ளவர்களில் பலர் போனில் தேடிப் பார்க்கப் போவதில்லை.